பர்மா முனை, 1944: இந்தியக் காலாட்படை வீரனின் உடுப்பைக் குறைந்த செலவில் சேர்ப்பது எப்படி?

போர் மறுநிகழ்த்தலுக்கு (ரீ-எனாக்ட்மென்ட்: பழைய போரை அந்தக் காலத்து உடுப்போடு நடித்துக்காட்டுவது) முதல் தடவை உடுப்பு சேர்ப்பவர்கள் முதலில் வாங்குவது ஹெல்மெட், அடுத்தது துப்பாக்கி. பூட்ஸ் கடைசியில் வருகிறது. அதற்குள் கையில் பணம் தீர்ந்திருக்கும். வாங்கியதில் பாதி வேறு வருடத்துப் பொருளாக இருக்கும். அதை விற்றுவிட்டு மறுபடி வாங்க வேண்டும். செலவு இரட்டிப்பாவது இப்படித்தான். இந்த வழிகாட்டி வாங்கும் வரிசையைப் பற்றியது. எடுத்துக்கொண்ட ஆள், 1944-இல் பர்மா முனையில் ஜப்பானியரை எதிர்த்த பிரிட்டிஷ் 14-ஆம் ராணுவத்தில் இருந்த இந்தியக் காலாட்படை ஜவான். லண்டன், கோலாலம்பூர், சென்னை என எங்கிருந்து சேர்த்தாலும் வரிசை ஒன்றே.

1. ஆள், இடம், மாதம்: மூன்றையும் எழுதி வையுங்கள்

“இரண்டாம் உலகப்போர் இந்திய வீரன்” என்று ஒருவன் கிடையாது. 1941-இல் வட ஆப்பிரிக்காவில் இருந்தவன் மணல் நிற காக்கி டிரில் அணிந்தான். 1944-இல் பர்மா எல்லையை ஒட்டிய மணிப்பூரின் இம்பாலில் இருந்தவன் ஜங்கிள் கிரீன் எனப்படும் கரும்பச்சைக்கு மாறியிருந்தான். இரண்டையும் கலந்தால் எந்தப் படையிலும் இல்லாத ஒருவன் வந்து நிற்பான்.

ஒரே வரியில் எழுதுங்கள்: “சிப்பாய், 3-ஆவது மதராஸ் ரெஜிமென்ட், மணிப்பூர் முனை, 1944 மழைக்காலம்.” இனி எந்தப் பொருளைப் பார்த்தாலும் இந்த வரியோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் கேளுங்கள்.

சிப்பாயாகவே இருங்கள். ஹவில்தாருக்கு மூன்று பட்டை, நாயக்கிற்கு இரண்டு, லான்ஸ் நாயக்கிற்கு ஒன்று. பட்டை கூடினால் பார்வையாளர்களின் கேள்வியும் கூடும். அதிகாரி வேடம் என்றால் ரிவால்வர் உறை, பைனாகுலர் உறை, வரைபடப் பை என்று தனிச் செலவு. புதியவருக்கு அது வேண்டாத வேலை.

2. படங்களிலிருந்து பட்டியல்

லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தின் இணையத் தொகுப்பில் பர்மா முனைப் படங்கள் நிறைய உள்ளன. படத்தின் எண்ணுக்கு முன்னால் ‘எஸ்.இ.’ அல்லது ‘ஐ.என்.டி.’ என்ற எழுத்து இருக்கும். படக்குறிப்பில் தேதியும் பல நேரம் படைப்பிரிவும் இருப்பதால், ஊர் பேர் தெரியாத படங்களைவிட இவை நம்பகமானவை.

குறைந்தது 20 படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் தலையில் என்ன, காலில் என்ன, இடுப்பில் எந்தப் பக்கம் என்ன தொங்குகிறது என்று கட்டம் போட்டுக் குறியுங்கள். 20-இல் 12 படத்தில் இருப்பதை வாங்குங்கள். ஒரே ஒரு படத்தில் இருப்பது எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். புதியவர் கண்ணுக்கு எப்போதும் அந்த ஒன்றுதான் படும்.

அணிவகுப்புப் படம் வேறு, போர்க்களப் படம் வேறு. முதலாவதில் பித்தளை மின்னும், டிவிஷன் சின்னம் தோளில் இருக்கும். 17-ஆவது டிவிஷனின் கருப்புப் பூனை, 5-ஆவதின் நெருப்புப் பந்து, 7-ஆவதின் தங்க அம்பு எல்லாம் பிரபலம்தான்; ஆனால் களத்தில் பல நேரம் சட்டையில் எந்தச் சின்னமும் இருக்காது. சின்னம் இல்லாத சட்டை காசும் மிச்சம், தவறும் இல்லை.

3. பணத்தைப் பங்கு போடுதல்

கையில் உள்ளதைப் பத்துப் பங்காக்குங்கள். பூட்ஸுக்கு 3, சட்டை-பேன்ட்டுக்கு 2, வெப்பிங் எனப்படும் பெல்ட்-பை-பட்டைத் தொகுதிக்கு 3, தொப்பிக்கு 1, மீதி எல்லாவற்றுக்கும் 1. துப்பாக்கிக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. முதல் இரண்டு நிகழ்ச்சிக்குக் குழுவிடமிருந்து இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

பூட்ஸுக்கு இவ்வளவு ஏன்? மற்ற எதிலும் குறை இருந்தால் தூரத்தில் தெரியாது. பூட்ஸ் சரியில்லாவிட்டால் தூரத்திலும் தெரியும், அன்று மாலை காலிலும் தெரியும்.

4. பூட்ஸ்

தேவையானது ‘அம்யூனிஷன் பூட்ஸ்’: கணுக்கால் உயரம், விரல் பக்கம் தனித் தோல் தொப்பி (டோ கேப்) வைத்துத் தைத்த கருப்புத் தோல், தோல் அடி, அடியில் ஆணி, குதிகாலில் லாடம். புதிதாகச் செய்து விற்பவர்களிடம் விலை அதிகம். அதற்கு மாற்று, போலீஸ் மற்றும் என்.சி.சி. அணிவகுப்புக்கு விற்கும் கருப்புக் கணுக்கால் பூட்ஸ். மேல் வடிவம் கிட்டத்தட்ட அதுவே.

வாங்கும்போது மூன்று விஷயம். முன் தொப்பி தனித் தோலாகத் தைத்திருக்க வேண்டும். கோடு மட்டும் அச்சடித்தது ஆகாது. பக்கவாட்டில் ஜிப் கூடாது. ரெக்சின் கூடாது: உள்பக்கம் சொரசொரப்பான நார் தெரிந்தால் தோல், துணி நெசவு தெரிந்தால் ரெக்சின்.

பிறகு செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து ரப்பர் அடிமேல் முன்பாதிக்குத் தோல் அடி (ஹாஃப் சோல்) வைத்து, ஆணியும் குதிகாலுக்கு லாடமும் அடிக்கச் சொல்லுங்கள். தோல் வைக்காமல் நேராக ரப்பரில் அடித்த ஆணி பத்தே நாளில் உதிரும். டைல்ஸ், மார்பிள் தரையில் லாடம் வழுக்கும் என்பதால் மண்டப நிகழ்ச்சிக்கு இந்த பூட்ஸைக் கொண்டுபோகாதீர்கள்.

தடித்த கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். வழக்கத்தைவிட அரை எண் கூடுதலாக வேண்டியிருக்கும். தோலுக்கு விளக்கெண்ணெய் லேசாகத் தடவி ஒரு ராத்திரி விட்டு, தினம் ஒரு மணி நேரம் வீதம் இரண்டு வாரம் வீட்டில் போட்டு நடந்து பழக்குங்கள். புது பூட்ஸை நிகழ்ச்சியன்று முதல் தடவை போடுபவர் மதியத்துக்குள் கொப்புளத்தோடு மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்.

கயிறு கட்டுவதில் ஒரு நுணுக்கம்: குறுக்காகப் பெருக்கல் குறி போட்டுக் கட்டாமல், ஏணிப்படி மாதிரி நேர்கோடுகளாகக் கோருங்கள். பேன்ட்டின் அடியை மடித்து அதன்மேல் வெப் ஆங்க்லெட் (கணுக்காலைச் சுற்றி மாட்டும் தடித்த துணி உறை) மாட்டலாம், அல்லது 4 அங்குல அகலக் கம்பளிப் பட்டி சுற்றலாம். பட்டியைக் கணுக்காலில் தொடங்கி மேல்நோக்கிச் சுற்றுங்கள். தடித்த கம்பளித் துணியிலிருந்து வெட்டிக்கொண்டால் செலவும் குறைவு.

5. துணியும் தையலும்

பேன்ட்டுக்குப் பருத்தி டிரில். உற்றுப் பார்த்தால் சாய்கோடுகள் தெரியும் நெசவு. சட்டைக்கு ‘செல்லுலார்’ எனப்படும் சிறு துளை விழுந்த பருத்தித் துணி. அது கிடைக்காவிட்டால் மெல்லிய பருத்தி டிரில் பரவாயில்லை. பனியன் துணி மட்டும் வேண்டாம், அது இழுபடும்.

58 அங்குல அகலத் துணியில் நடுத்தர உடம்புக்குப் பேன்ட்டுக்கு 1.5 மீட்டர், முழுக்கைச் சட்டைக்கு 1.75 மீட்டர். 36 அங்குல அகலமானால் ஒவ்வொன்றுக்கும் 2.5 மீட்டருக்குக் குறையாமல் எடுங்கள். ஈரோடு பக்கம் வெளுக்காத காடா டிரில் மொத்தக் கடையில் மலிவு.

எடுப்பதற்கு முன் ஓரத்திலிருந்து நாலு நூல் உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகி நுனியில் கருப்பு மணி கட்டும். பழைய போலீஸ் காக்கியை வாங்கிச் சாயம் போட்டுவிடலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வருகிறது. அதில் பெரும்பாலும் டெரிகாட் (பாலியஸ்டர் கலந்த பருத்தி) என்பதால் சாயம் பிடிக்காது. அழுக்குப் பச்சையாக வெளுத்து நிற்கும்.

தையல்காரரிடம் “பழைய மாடல்” என்றால் அவர் எழுபதுகளின் பெல்பாட்டம் வரைக்கும் யோசிப்பார். படத்தைக் காட்டி, கீழுள்ளவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

- பேன்ட் இடுப்பு தொப்புள் உயரத்தில் நிற்க வேண்டும். இன்றைய அளவுக்கு விட்டால் பெல்ட்டுக்கும் பேன்ட்டுக்கும் நடுவே சட்டை பிதுங்கும்.
- ஜிப் கூடாது, முன்பக்கம் பட்டன். எலாஸ்டிக் எங்கும் கூடாது.
- இடது தொடையில் மட்டும் பெரிய பை. இரண்டு தொடையிலும் வைத்தால் இன்றைய கார்கோ பேன்ட். முன்பக்கம் வலதில் காயக்கட்டு வைக்கச் சிறு பை.
- கால் அகலமாக இருக்கட்டும். ‘டைட்’ ஆக்கித் தரவா என்று கேட்பார், மறுத்துவிடுங்கள்.
- வெளியே தெரியும் ஓரத்தில் ஓவர்லாக் கூடாது. ஓரத்தை உள்ளே மடக்கி இரட்டைத் தையல்.
- நூல் பருத்தி நூல்.

கடைசி விஷயத்தைப் பலர் கேலியாக நினைக்கிறார்கள். வெட்டுவதற்கு முன் சாயம் போடுவதே முறை என்றாலும், தைத்த பிறகு மறுபடி போட நேர்ந்தால் பாலியஸ்டர் நூல் சாயத்தை வாங்காது. பச்சைப் பேன்ட்டில் ஒவ்வொரு தையலும் வெள்ளைக் கோடாக ஓடும். பட்டன் ஓட்டைகள் வெள்ளை வளையமாக நிற்கும். திருத்த வழி, எல்லாத் தையலையும் பிரித்து மறுபடி தைப்பதுதான்.

6. சாயம்: வெட்டுவதற்கு முன்

பச்சை டிரில் தயாராகக் கிடைத்தாலும் நிறம் பெரும்பாலும் கிளிப்பச்சை அல்லது இன்றைய ராணுவப் பச்சை. சாயம் போட்டுக்கொள்வதே மேல். 1943 வாக்கில் காக்கி உடுப்புகளையே பச்சையில் முக்கி எடுத்துக் கொடுத்தார்கள் என்பதால் கொஞ்சம் திட்டுத்திட்டாக வந்தாலும் பொய்யாகத் தெரியாது.

காடா துணியில் நெசவுக் கஞ்சி இருக்கும். சலவை சோடாவும் சோப்பும் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு அலசுங்கள். கஞ்சி போகாத இடத்தில் சாயம் ஏறாது. சுருங்க வேண்டியதும் இப்போதே சுருங்கிவிடும். இதைத் தாண்டிப் போனால், தைத்த பேன்ட் முதல் சலவையில் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும்.

ஒரு கிலோ காய்ந்த துணிக்கு (மேலே சொன்ன சட்டையும் பேன்ட்டும் ஏறக்குறைய இவ்வளவு வரும்): தண்ணீர் 20 லிட்டர், குளிர்நீரில் பிடிக்கும் ரியாக்டிவ் சாயம் 30 கிராம், கல் உப்பு 1 கிலோ, சலவை சோடா 250 கிராம். வெள்ளைத் துணியானால் பச்சை 3 பங்குக்குக் காப்பிக்கொட்டை நிறம் 1 பங்கு. பழுப்பு சேராமல் பச்சையின் பளபளப்பு அடங்காது. காக்கித் துணியானால் பச்சை மட்டும் போதும்.

வரிசை: சாயத்தைத் தனிக் குவளையில் கரைத்துத் தண்ணீரில் ஊற்றுங்கள். நனைத்த துணியை விரித்துப் போடுங்கள். உப்பை மூன்று தவணையாகப் பத்து நிமிட இடைவெளியில் சேர்த்துக் கிளறுங்கள். அரை மணி கழித்து, வேறு பாத்திரத்தில் கரைத்த சோடாவை, துணியை ஒதுக்கிவிட்டு ஊற்றுங்கள். இன்னும் ஒரு மணி நேரம் விடாமல் புரட்டுங்கள். சோடாவை முதலிலேயே போட்டுவிட்டால் சாயம் துணியை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்து வீணாகும். துணி வெளிறியும் திட்டாகவும் வரும்.

சாயப்பொடி மூச்சில் போகக் கூடாது. முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டே கரையுங்கள். முழுத் துணிக்கு முன் ஒரு கைக்குட்டை அளவில் செய்து, காயவைத்துப் பாருங்கள். ஈரத்தில் ஓரளவு கருமையாகத் தெரிவதுதான் சரி, காய்ந்தால் ஒரு படி வெளுக்கும்.

7. வெப்பிங்

1937 பேட்டர்ன் (ராணுவம் 1937-இல் ஏற்ற வடிவமைப்பு) தொகுதி. ஒரு ஜவானுக்கு வேண்டியது: பெல்ட் 1, தோள்பட்டை 2, பேசிக் பவுச் (தோட்டா வைக்கும் பை) 2, பயனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) உறை தாங்கி 1, தண்ணீர் பாட்டில் தாங்கி 1, சிறு முதுகுப்பை 1, அதற்கு எல்-வடிவப் பட்டை 2. குழிவெட்டும் கருவியின் உறை பிறகு வரட்டும். பெரிய முதுகுப்பை வேண்டவே வேண்டாம்; களத்தில் அது வண்டியில் போயிற்று.

இங்கே மலிவாகச் சமாளிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. பிரிட்டனில் தயாரான பவுச் தடித்த நெசவில் ஒழுங்காக இருக்கும். போர்க்காலத்தில் இந்தியாவில் தயாரானவற்றில் குறுகிய நாடாக்களை இணைத்துத் தைத்த ஒட்டுகள் பல, நெசவும் முரடு. ஆக, கைப்பை தைக்கும் கனரக மெஷின்காரர் ஒட்டுப்போட்டுத் தைத்த பவுச், இந்த வேடத்துக்கு இங்கிலாந்துப் பவுச்சைவிடப் பொருத்தமாகவே தோன்றும்.

போருக்குப் பிறகும் இதே பேட்டர்ன் இந்தியாவில் பல ஆண்டு புழக்கத்தில் இருந்தது. எனவே 1950, 60-களின் பழைய சரக்கை வாங்கலாம். உள்பக்க முத்திரையில் உள்ள வருடத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. தவிர்க்க வேண்டியது 1944 பேட்டர்ன். பெயரைப் பார்த்துப் பொருத்தம் என்று வாங்கிவிடுகிறார்கள். போர் முடியும் வரை அது படைகளின் கைக்கு ஏறக்குறைய வரவே இல்லை.

நாடாவைப் பருத்தியிலேயே எடுங்கள். பெல்ட்டின் அகலம் 2¼ அங்குலம். நைலான் நாடா வெயிலில் மின்னும், புகைப்படத்தில் இன்னும் மோசம். பட்டை முனைகளில் பித்தளைப் பூண் இருக்க வேண்டும். கிழிந்த பழைய தொகுதி ஒன்றைச் சல்லிசாக வாங்கிப் பூண், பக்கிள், கொக்கி மூன்றையும் கழற்றிக்கொண்டால் புதிதாக வார்க்க வேண்டியதில்லை.

நிறத்துக்கு அதே சாயத் தொட்டியில் முக்கலாம். உப்பில் பித்தளை கறுக்கும், கறுக்கட்டும். காட்டில் யாரும் பிராசோ போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கவில்லை.

8. மாட்டும் வரிசை

தரையில் பரப்பி முதலில் பெல்ட்டை அளவு கட்டுங்கள்: தொப்புள் உயரத்தில், விரல் நுழையாத இறுக்கம். அடுத்து பவுச்சுகளை மேலும் கீழும் உள்ள கொக்கியால் பெல்ட்டில் மாட்டி, நடு பக்கிளின் இரு பக்கமும் நெருக்கமாக நிறுத்துங்கள். விலாவுக்குத் தள்ளி வைத்தால் கை வீசும்போது இடிக்கும்.

தோள்பட்டைகளைப் பின்புற பக்கிளில் கோத்து, முதுகில் ஒன்றை மற்றதன் வளையத்துக்குள் நுழைத்துக் குறுக்காக்கி, தோள்மேல் கொண்டுவந்து பவுச் தலையிலுள்ள பக்கிளில் இறக்குங்கள். வளையத்தை விட்டுவிட்டுச் சும்மா குறுக்கே போட்டால் பத்து அடி ஓடுவதற்குள் ஒரு பட்டை தோளைவிட்டு நழுவும். புதியவர்களிடம் அதிகம் பார்க்கும் பிழை இதுவே.

பட்டைகளின் மிச்ச வால்களில் வலது இடுப்புப் பக்கம் தண்ணீர் பாட்டில். இடது இடுப்பில் பயனெட் தாங்கி. கடைசியில் முதுகுப்பை. பை தோள்பட்டை எலும்பின் உயரத்தில் நிற்கட்டும். பிட்டத்தில் தட்டினால் பள்ளிக்கூடப் பை.

காலிப் பவுச் சுருங்கித் தொங்கும். பிரென் இலகு இயந்திரத் துப்பாக்கியின் மேகசின் (தோட்டாப் பெட்டி) இரண்டு வைத்த அளவுக்கு மரக்கட்டையோ ஃபோமோ வெட்டி உள்ளே வையுங்கள்.

9. தலை

கையால் பின்னிய காக்கிக் கம்பளிக் குழாய்த் தொப்பி (கேப் கம்ஃபர்ட்டர்) எல்லாவற்றிலும் மலிவு. பின்னத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் நூல் செலவோடு முடியும். அதற்குமேல் பணம் இருந்தால் அகல விளிம்பு ஃபெல்ட் ஸ்லவுச் தொப்பி. கவ்பாய் தொப்பியை நசுக்கிச் சமாளிப்பது நடக்காது. விளிம்பின் வளைவு காட்டிக்கொடுத்துவிடும். ஹெல்மெட் என்றால் தட்டு வடிவ மார்க் 2. ஆமை ஓடு மாதிரியான மார்க் 3 வேண்டாம்.

10. துப்பாக்கியும் சட்டமும்

இந்தியாவில் .303 அங்குலத் தோட்டாத் துப்பாக்கி தனியார் வைத்துக்கொள்ளக் கூடாத ரகம். எனவே தச்சரிடம் மரத்தில் செய்யுங்கள். இந்திய வீரர்கள் கையில் இருந்தது பெரும்பாலும் இஷாபூரில் தயாரான எண் 1 மார்க் 3 லீ-என்ஃபீல்ட்: நீளம் சுமார் 113 செ.மீ., எடை ஏறக்குறைய 4 கிலோ. வெறும் மரம் மிக லேசாகிவிடும், தூக்கி நிற்கும் விதமே மாறும். உள்ளே இரும்புக் குழாய் வைத்து எடையைக் கொண்டுவாருங்கள். தோள்வார் 1¼ அங்குலப் பருத்தி நாடா.

பயனெட்டில் இந்திய வகை பல 12 அங்குல அலகுக்குக் குறைக்கப்பட்டவை. அதுவும் 9 அங்குலத்தைத் தாண்டுவதால் ஆயுத விதிகளின் எல்லைக்குள் வந்துவிடும். உறைக்கு மேலே மரக் கைப்பிடி மட்டும் ஒட்டி வையுங்கள். உருவிக் காட்டச் சொல்லிக் குழந்தைகள் கேட்டாலும் உருவ முடியாது.

பிரிட்டனில் அசல்போலத் தோன்றும் போலித் துப்பாக்கிக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தடை உண்டு, வரலாற்று மறுநிகழ்த்தலுக்கு விலக்கும் உண்டு. குழு உறுப்பினரான பிறகே வாங்குங்கள். மலேசியா, சிங்கப்பூரில் மர மாதிரிக்குக்கூடப் போலீஸில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

உடுப்பைப் பொறுத்தவரை, ராணுவ வீரன் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு அணிவது இந்தியாவில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-ஆவது பிரிவில் குற்றம். நிகழ்ச்சி இடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள், பேருந்தில் உடுப்போடு போகாதீர்கள். இன்றைய ராணுவத்தின் சின்னம் எதையும் சேர்க்காதீர்கள். தாத்தாவின் மெடல் வீட்டிலேயே இருக்கட்டும், களச் சட்டையில் மெடல் கிடையாது.

11. பைக்குள் என்ன?

எனாமல் குவளை, செவ்வக மெஸ் டின், கரும்பச்சைத் துண்டு, மாற்றுச் சாக்ஸ், ஊசி-நூல் பை, சவரக்கத்தி, சோப்பு. மலேரியாவுக்குத் தினமும் விழுங்கிய மெப்பாக்ரின் மாத்திரைக்கு ஒரு சிறு தகர டப்பா. அதைத் தின்றால் உடம்பு மஞ்சளாகும் என்பதைச் சொன்னாலே பார்வையாளர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். 50 தோட்டாவுக்கான துணி பேண்டலியரை (தோளில் குறுக்கே போடும் தோட்டாப் பட்டை) அரை மீட்டர் காடாவில் நீங்களே தைக்கலாம்: ஐந்து அறை, ஒவ்வொன்றிலும் பத்துத் தோட்டா அளவில் மரத்துண்டு.

பழைய எனாமல் தண்ணீர் பாட்டில் உள்ளே துருப்பிடித்திருக்கும். அதைத் தோற்றத்துக்கு மட்டும் தொங்கவிட்டு, குடிக்கிற தண்ணீரைப் பைக்குள் வேறு பாட்டிலில் துணி சுற்றி வையுங்கள்.

12. ஒத்திகை, பிறகு உலர்த்தல்

நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்னால் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் நடந்து, படுத்து, எழுந்து பாருங்கள். ஒருவரை விட்டு நான்கு பக்கமும் படம் எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் தப்பித்தது படத்தில் மாட்டும்: ஸ்மார்ட் வாட்ச், பிளாஸ்டிக் பிரேம் மூக்குக்கண்ணாடி, சட்டைப்பையில் பிதுங்கும் போன், பக்கவாட்டில் மழித்த முடிவெட்டு. உரசுகிற பட்டையை அன்றே அளவு மாற்றி, முனையில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். அடுத்த தடவை அளவு தேட வேண்டாம்.

துணியை உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்காதீர்கள். இயல்பாக முழங்காலும் முழங்கையும் வெளுக்கும். தேய்த்தால் எல்லா இடமும் ஒரேமாதிரி வெளுத்துப் போலியாகத் தெரியும். நாலு நாள் வெயிலில் போட்டு வேலை செய்தால் தானே வரும்.

முடிந்து வீட்டுக்கு வந்ததும் வெப்பிங்கைச் சுருட்டி மூட்டை கட்டாதீர்கள். வியர்வை ஈரத்தோடு வைத்தால் பூண் ஓரமாகப் பருத்தி இற்றுப்போகும். எல்லாவற்றையும் பிரித்து நிழலில் கொடியில் தொங்கவிடுங்கள். பூட்ஸுக்குள் செய்தித்தாளைத் திணியுங்கள். வாஷிங் மெஷினில் வெப்பிங்கைப் போட்டால் நாடா சுருங்கிப் பவுச் கொக்கி பெல்ட்டில் ஏறாது. சேறு இருந்தால் காய்ந்த பிறகு தேங்காய் நாரால் தட்டிவிட்டால் போதும்.